தண்டாலுக்குப் பிறகு ஒரு அத்தியாயம்

சேலத்தில் ஏப்ரல் வந்துவிட்டால் காலை 7:30 மணிக்கே வெயில் முதுகில் ஏறிக்கொள்ளும். கூட்டாக உடற்பயிற்சி செய்ய நினைப்பவர்கள் மற்ற எல்லாவற்றையும் இந்த வெயிலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஞாயிறு 5:45க்குத் தொடக்கம், 6:30க்கு முடிவு. வியர்வை அடங்கக் கால் மணி நேரம். 6:45 முதல் 7:45 வரை மர நிழலில், வீட்டில் வாசித்து வந்த நாவலைப் பற்றிப் பேச்சு. இரண்டையும் ஒரே காலையில் கட்டிப்போட்டால் ஒன்றை இன்னொன்று தாங்கும். அத்தியாயத்தை முடிக்காதவர் பயிற்சிக்காக வருவார், முழங்கால் வலிக்காரர் நாவலுக்காக வருவார்.

12 பேர் போதும். அதற்கு மேல் போனால் ஒருவர் தப்பாகச் செய்வது யார் கண்ணிலும் படாது; நாவல் பேசும்போதும் பாதிப் பேர் வாய் திறக்காமலே வீட்டுக்குப் போவார்கள்.

பயிற்சிக்கு 6 இடங்கள் குறித்துக்கொள்ளுங்கள், இடத்துக்கு 2 பேர். பஸ்கி (உட்கார்ந்து எழுவது), தண்டால், முழங்காலை உயர்த்தி இருந்த இடத்திலேயே நடை, தண்ணீர் பாட்டிலைத் தோளுக்கு மேல் தூக்குவது, படி ஏறி இறங்குவது, பிளாங்க் (முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பைப் பலகைபோல நேராக நிறுத்துவது). 40 விநாடி வேலை, 20 விநாடியில் அடுத்த இடம். ஒரு சுற்றுக்கு 6 நிமிடம். சுற்றுகளுக்கு நடுவே 2 நிமிட ஓய்வு விட்டு 3 சுற்று போனால் மொத்தம் 22 நிமிடம். முன்னால் 10 நிமிடம் உடம்பைச் சூடேற்றவும், பின்னால் 8 நிமிடம் தளர்த்தவும் வேண்டும். தண்டாலையும் பாட்டில் தூக்குவதையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள். தோள் சீக்கிரம் ஓய்ந்துவிடும். நிரம்பிய 1 லிட்டர் பாட்டில் 1 கிலோ எடை, தொடங்குகிறவருக்கு அதுவே அதிகம். கர்லாக்கட்டையை யாராவது ஆசையாகத் தூக்கி வருவார். சுற்றத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாவிட்டால் அது திரும்பிப் போகட்டும்.

இங்கே பலர் செய்யும் பிழை, “எல்லாரும் 20 பஸ்கி” என்று எண்ணிக்கை வைப்பது. 25 வயதுக்காரர் முடித்துவிட்டு நிற்பார், 55 வயதுக்காரர் அவசரத்தில் குதிகாலைத் தூக்கி முழங்காலை உள்பக்கம் மடக்குவார். நேரத்தை வைத்தால் ஒருவர் 22 போடலாம், இன்னொருவர் 9 போடலாம், இருவரும் ஒன்றாகவே நிறுத்துவார்கள். தண்டால் வராதவருக்குச் சுவர் இருக்கிறது. சுவரில் நன்றாக வந்தபின் சிமென்ட் பெஞ்ச், அதற்குப் பிறகுதான் தரை. பிளாங்கில் இடுப்பு தொங்கினால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். மிச்ச விநாடிகளைக் கீழ்முதுகு சுமக்க வேண்டாம். மூச்சை அடக்கிக்கொண்டு செய்தால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். எனவே யாராவது ஒருவர் சத்தமாக எண்ண, மற்றவர்கள் கூடவே சொல்லட்டும். வாய் பேசினால் மூச்சு நிற்காது.

மொட்டை மாடி வசதிதான், ஆனால் கான்கிரீட்டில் குதிக்கும் பயிற்சி வேண்டாம், கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பு வலிக்கும். மண்தரைதான் நல்லது. முதல் வாரம் போனவருக்கு வலி மறுநாளைவிட இரண்டாம் நாள் அதிகமாகத் தெரியும். இதை முன்கூட்டியே சொல்லாததால்தான் பாதிப் பேர் இரண்டாவது ஞாயிறு காணாமல் போகிறார்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் வரக் கூடாது, சட்டைப்பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் அன்றைக்குப் பயிற்சி இல்லை, மருத்துவமனைதான்.

இடைவேளையில் இட்லி, பொங்கல் என்று இறங்கினால் நாவல் நேரத்தில் கொட்டாவிதான் மிஞ்சும். வாழைப்பழம், மோர், ஒரு கை சுண்டல் போதும். நடுவே காய்கறியும் சட்னியும் வைத்த தட்டுவடை செட்டை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர்ப் பெருமைதான், ஆனால் அது நொறுங்குகிற சத்தத்தில் வாசிப்பவர் குரல் கேட்காது.

எண்ணிக்கை வைக்கும் அதே பிழை நாவலுக்குப் பக்கக் கணக்காக வருகிறது. “80ஆம் பக்கம் வரை” என்பார்கள். ஒருவர் கையில் பழைய நூலகப் பிரதி, இன்னொருவர் கையில் புதுப் பதிப்பு, மூன்றாமவர் கைப்பேசியில் வாசிக்கிறார். மூன்றிலும் 80ஆம் பக்கம் வெவ்வேறு. அத்தியாயத்தைச் சொல்லுங்கள், அத்தியாயம் இல்லாத நாவலானால் எந்த வரியோடு நிறுத்துவது என்று சொல்லுங்கள். 320 பக்க நாவலுக்கு 4 வாரம் சரியான அளவு. ஒரு நாளைக்கு 11, 12 பக்கம், பெரும்பாலோருக்கு அரை மணி நேரத்துக்குள் முடியும். எல்லையைத் தாண்டி வாசித்தவர் வாசிக்கட்டும், ஆனால் பேசக் கூடாது. இதில் மட்டும் கறாராக இருங்கள்.

முதல் நாவல் சின்னதாக இருக்க வேண்டும். ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942) இந்த ஊருக்குப் பொருத்தம். கொங்கு வட்டாரத்துப் பேச்சு சேலத்துக் காதுக்குப் பழக்கமானது, உரையாடல்களை ஆள் மாற்றி வாசித்தால் ஒரு நாடகமே நடக்கும். பெரிய குடும்ப நாவல்களில் வேறு சிக்கல்: மூன்றாம் அத்தியாயத்துக்குள் யார் யாருக்குச் சித்தப்பா என்பது குழம்பிவிடும். பின்னட்டையின் உள்பக்கம் பென்சிலில் ஒரு வம்ச மரம் போட்டுக்கொள்ளுங்கள். நூலகப் புத்தகமென்றால் தனித்தாளில்.

பேச்சு நடக்க வேண்டிய விதம் பற்றி: கதைச்சுருக்கம் யாரும் சொல்ல வேண்டாம், 20 நிமிடத்தை அதுவே தின்றுவிடும். “பிடித்ததா?” என்று கேட்டால் “நல்லா இருந்துச்சுங்க” என்று பதில் வரும், அதோடு கதவு சாத்திக்கொள்ளும். “எந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் சலிப்பில் மூடியிருப்பார், ஒருவர் தாங்க முடியாமல். அந்த இரண்டு பக்கங்களையும் திறந்து சத்தமாக வாசித்தால் மீதி நேரம் தானே ஓடும். ஒருவருக்கு ஒரே மூச்சில் 3 நிமிடம்தான்; பயிற்சிக்கு வைத்த கடிகாரமே இதற்கும் ஆகும். வாசிக்காமல் வந்தவரைக் கேள்வி கேட்டுத் துளைக்காமல் அங்கேயே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், அடுத்த வாரம் படித்துவிட்டு வருவார்.

நாவல் முடியும் ஞாயிறு ஏற்காட்டுக்குப் போகலாம். மே மாத மலர்க்கண்காட்சி சமயம் மட்டும் வேண்டாம், கூட்டத்தில் உட்காரவே இடம் கிடைக்காது. சுமார் 1,500 மீட்டர் உயரம், காலைக் குளிர் இருக்கும். சூடேற்றும் 10 நிமிடத்தை 15 ஆக்கிவிட்டு, ஏரியைச் சுற்றி வேக நடையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சரிவில் இறங்கும்போது தொடைத் தசை நீண்டபடியே உடம்பைத் தாங்குவதால், வலி ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் பிடிக்கும். சுண்டல் பொட்டலத்தைப் பைக்குள் வையுங்கள், குரங்குகள் கேட்டு வாங்குவதில்லை. கடைசி அத்தியாயத்தைப் பஸ்ஸில் முடித்துவிடலாம் என்று யாராவது நிச்சயம் திட்டம் போட்டிருப்பார். 20 கொண்டை ஊசி வளைவுகளில் உள்காது உடம்பு திரும்புவதாகச் சொல்லும், கண்ணோ அசையாத எழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஐந்தாவது வளைவுக்குள் குமட்டிவிடும். அவருக்கு முன்சீட்டையும் ஒரு எலுமிச்சம்பழத்தையும் கொடுத்துவிட்டு, புத்தகத்தை மேலே போகும்வரை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.