புளூமரின் 352 கோல்: கணக்கு ஒத்துவந்துவிட்டது

நேற்று இரவு கூட்டுத்தொகை 352 என்று வந்து நின்றது. இங்கிலாந்தின் பழைய கால்பந்து வீரர் ஸ்டீவ் புளூமர் அடித்த லீக் கோல்கள் அத்தனையும், விரிதாளில் கோலுக்கு ஒரு வரியாக. டெர்பி கவுண்டி கிளப்புக்கு 293, மிடில்ஸ்பரோ கிளப்புக்கு 59. ஆறு வாரம் உட்கார்ந்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது.

என்னைப் பாடாய்ப் படுத்தியது தேதிதான். அவருடைய முதல் லீக் ஆட்டம் 1892 செப்டம்பர் 3, ஸ்டோக்கில். என்னிடம் உள்ள விரிதாள் செயலியோ 1900க்கு முந்தைய தேதியைத் தேதியாக எடுக்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். வரிசைப்படுத்தினால் 1914க்கும் கீழே போய் 1892 உட்காருகிறது. கடைசியில் எல்லா ஆண்டுகளோடும் 400ஐக் கூட்டினேன். 1892 என்பது 2292. நாட்காட்டி 400 ஆண்டுக்கு ஒருமுறை அப்படியே திரும்புவதால் கிழமை மாறாது. இதில்தான் பெரிய லாபம்: லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் சனிக்கிழமை. வேறு கிழமை காட்டிய வரிகளை மட்டும் திரும்பப் பார்த்தேன். ஈஸ்டர், கிறிஸ்துமஸ் ஆட்டங்கள் போக, நான் தவறாகத் தட்டிய ஏழு தேதிகள் சிக்கின. பழைய ஆட்டக்காரர்களைத் தொகுப்பவர்கள் கட்டாயம் இதைச் செய்து பாருங்கள்.

அப்புறம் 314 என்ற எண். லீக்கின் மேல் பிரிவான முதல் டிவிஷனில் அதிக கோல் அடித்தவர்களின் பட்டியல்களில், ஜிம்மி கிரீவ்ஸின் 357க்கு அடுத்துப் புளூமருக்கு அதுதான் இருக்கும். மீதி 38 எங்கே? 1910-11, 1911-12 இரண்டு பருவங்களையும் வடிகட்டினேன், சரியாக 38! 1907இல் டெர்பி, அடுத்த பிரிவான இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியிருந்தது; அங்கே அடித்த கோல்கள் 314இல் சேராது. 1910இல் டெர்பிக்குத் திரும்பி வந்தபோது புளூமருக்கு வயது 36. அந்த வயதில் அடித்து, 1912இல் அணியை மேலே ஏற்றிவிட்டார். கோல் சாதனை என்றாலே கிரீவ்ஸ், டிக்ஸி டீன் என்று பேசுபவர்கள் இந்த 38ஐயும் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்து தேசிய அணிக்கான தாள் ஒரே மாலையில் முடிந்தது: 23 ஆட்டம், 28 கோல். முதல் பத்து ஆட்டங்களிலும் கோல், மொத்தம் 19. எஃப்.ஏ. கோப்பைத் தாள் 1898 இறுதியாட்டத்தில் நிற்கிறது. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டிடம் 3-1 தோல்வி, டெர்பியின் அந்த ஒரு கோல் புளூமருடையது. பழைய செய்தித்தாள் சந்தா இந்த மாதத்தோடு முடிகிறது, புதுப்பிக்க வேண்டும்.

அதற்குள் இன்னொரு பழைய இங்கிலாந்து வீரர் விவியன் உட்வர்டுக்குத் தாள் திறந்துவிட்டேன். இங்கிலாந்துக்கு அவருக்கும் 23 ஆட்டம்தான், 29 கோல். 1908, 1912 ஒலிம்பிக் ஆட்டங்கள் அதில் சேராது என்பதால் அமெச்சூர் (சம்பளம் வாங்காத வீரர்கள்) அணி ஆட்டங்களுக்குத் தனி நிறம் கொடுத்திருக்கிறேன்.