தெருமுனைக் குப்பைமேட்டை அகற்றிய அனுபவம்

குடியிருப்புச் சங்கத்தில் குப்பைப் பொறுப்பை யாரும் விரும்பி எடுப்பதில்லை. நான் கேட்டு வாங்கினேன். எங்கள் கட்டடத்தில் குப்பை அள்ளும் அக்கா ஒரு பையை அமுக்கித் தூக்கியபோது உள்ளங்கை கிழிந்து தையல் போட வேண்டியதாயிற்று. சமையலறைக் கழிவோடு உடைந்த கண்ணாடியையும் சேர்த்து யாரோ கட்டி வைத்திருந்தார்கள். கையுறை போட்டிருந்தும் பயனில்லை. அந்தச் சமயத்தில்தான் மாநகராட்சியிலிருந்து நோட்டீஸும் வந்தது. பிரிக்காத குப்பையை இனி எடுக்க மாட்டார்கள், தொடர்ந்தால் அபராதம். கூட்டத்தில் எல்லோரும் அபராதத்தைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு அக்காவின் கைதான் கண்ணில் நின்றது.

எங்களுக்கு இருந்த தொல்லை இரண்டு. கட்டடத்துக்குள் எல்லாம் ஒரே தொட்டியில் விழுந்தது. வெளியே தெருமுனையில், மின்கம்பத்தடியில், எத்தனை முறை அள்ளினாலும் மறுபடி முளைக்கும் ஒரு குப்பைமேடு இருந்தது. இரண்டையும் வேறு வேறு பிரச்சினை என்றே நினைத்திருந்தோம். வேலையில் இறங்கிய பிறகுதான் ஒன்றின் வேர் மற்றதில் இருப்பது தெரிந்தது.

நோட்டீஸில் இருந்த விதி எளிமையானதுதான். மட்கும் குப்பை தனி, மட்காத குப்பை தனி, நாப்கின், டயப்பர் போன்ற சுகாதாரக் கழிவு தனி, பேட்டரி, பல்பு, காலாவதியான மருந்து போன்றவை தனி. ஆனால் முதல் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார்: "நாம் பிரித்துக் கொடுத்து என்ன? கடைசியில் எல்லாவற்றையும் ஒரே வண்டியில்தானே கொட்டுகிறார்கள்?" நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தெரியாமல் யாரையும் பிரிக்கச் சொல்வது சரியில்லை என்று எனக்குத் தோன்றியது. அதனால் வண்டி ஓட்டுநரிடம் பேசி, அனுமதி வாங்கி, குப்பை தரம் பிரிக்கும் இடத்துக்கே போய்ப் பார்த்தேன்.

அங்கே கண்டது இதுதான். காய்ந்த நிலையில் வந்த காகிதம், அட்டை, பாட்டில் எல்லாம் மேசைக்குப் போய், வகை வாரியாகப் பிரிக்கப்பட்டு, மூட்டையாகக் கட்டப்பட்டு விற்பனைக்குப் போயின. கலந்து வந்த பைகளை யாரும் தொடவே இல்லை. சோறும் குழம்பும் ஊறிய காகிதத்தை எந்த ஆலையும் வாங்காது. அந்தப் பைகள் அப்படியே குப்பைக் கிடங்குக்குப் போகும் லாரியில் ஏறின. ஆக, 'ஒரே வண்டி' என்பது கலந்து கொடுக்கும் வீடுகளுக்கு உண்மை. பிரித்துக் கொடுத்தால் போகும் இடம் வேறு. எடுத்த படங்களை அடுத்த கூட்டத்தில் காட்டினேன். அந்தக் கேள்வி மறுபடி எழவில்லை.

இது ஏதோ புதிதாக வந்த கெடுபிடி என்றும் சிலர் சொன்னார்கள். பாரிஸில் 1883-லேயே யூஜேன் பூபெல் என்ற அதிகாரி, வீட்டு உரிமையாளர்கள் மூடியுள்ள தொட்டி வைக்க வேண்டும், மட்குபவை, காகிதமும் துணியும், உடைந்த பீங்கானும் சிப்பி ஓடும் என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்று ஆணை போட்டார். நியூயார்க்கில் 1895-இல் தெருத் துப்புரவுப் பொறுப்புக்கு வந்த ஜார்ஜ் வேரிங், சாம்பல், சமையலறைக் கழிவு, மற்றவை என்று தனித்தனியே வாங்க ஏற்பாடு செய்தார். பெருநகரம் என்று ஒன்று உருவான இடத்தில் எல்லாம் இந்தத் தேவையும் கூடவே வந்திருக்கிறது.

சரி, வேலைக்கு வருகிறேன். ஒரு வாரம் கட்டடத்துக் குப்பையை எடை போட்டுப் பார்த்தோம். பாதிக்கு மேல் சமையலறைக் கழிவு. நாற்றம், ஈ, எலி, நாய் பையைக் கிழிப்பது, தொட்டியிலிருந்து ஒழுகும் கறுப்புத் தண்ணீர் எல்லாவற்றுக்கும் மூலம் அந்தப் பாதிதான். மிச்சம் இருப்பது காய்ந்திருந்தால் ஒரு வாரம் வைத்தாலும் நாறாது. அதனால் முதலில் ஈரத்தை மட்டும் பிடிப்போம், மற்ற வகைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். இந்த வரிசைதான் எங்களைக் காப்பாற்றியது என்பேன். நான்கு தொட்டியையும் ஒரே நாளில் அறிமுகப்படுத்தியிருந்தால் பாதிப் பேர் முதல் வாரத்திலேயே விட்டிருப்பார்கள்.

ஒவ்வொரு வீட்டுக்கும் மூடியுள்ள சிறிய வாளி கொடுத்தோம். உள்ளே பிளாஸ்டிக் பை போடக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பு. செய்தித்தாளை மடித்து அடியில் போட்டால் போதும், ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். பையோடு வரும் மட்கும் குப்பை உரமாவதில்லை. யாராவது அதைக் கையால் பிரித்துக் கொட்ட வேண்டும். அந்த யாராவது எப்போதும் அக்காதான்.

கட்டடத்துக்குப் பின்னால் காற்றுத் துளை போட்ட பெரிய தொட்டிகளில் உரம் தயாரிக்கத் தொடங்கினோம். இதில் நான் கற்றதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானோர் கைவிடும் இடம் இதுதான். உரத் தொட்டி நாறுகிறது என்றால் உள்ளே காற்று போகவில்லை, ஈரம் மிகுந்துவிட்டது என்று அர்த்தம். காற்று இல்லாத இடத்தில் வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகி அழுகல் நாற்றமும் மீத்தேனும் உண்டாகின்றன. நகரத்துக் குப்பைக் கிடங்குகளில் பெரிய அளவில் நடப்பதும் இதுவே. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக் கூடியது. கிடங்குகள் தீப்பற்றினால் வாரக்கணக்கில் புகைவதற்கும் அந்த வாயு ஒரு காரணம்.

மருந்து எளிது. ஒரு பங்கு சமையலறைக் கழிவுக்கு இரண்டு பங்காவது காய்ந்த சருகு, மரத்தூள், கிழித்த அட்டை. நுண்ணுயிர்களுக்குக் கார்பனும் நைட்ரஜனும் ஏறத்தாழ முப்பதுக்கு ஒன்று என்ற அளவில் கிடைத்தால் வேலை வேகமாக நடக்கும். சருகில் கார்பன் அதிகம், காய்கறிக் கழிவில் நைட்ரஜன் அதிகம். ஒவ்வொரு முறை கழிவு போட்டதும் மேலே சருகு மூட வேண்டும், இடையிடையே கிளறிவிட வேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. சரியாக அமைந்தால் நடுப்பகுதி 55 டிகிரிக்கு மேல் சூடாகும். அந்தச் சூடு சில நாள் நீடித்தாலே களை விதைகளும் பெரும்பாலான நோய்க்கிருமிகளும் அழிந்துவிடும். வெள்ளைப் பூஞ்சை வந்தால் பயப்பட வேண்டாம். பழுப்பு நிறத்தில் தடித்த புழுக்கள் நெளிந்தால் அவை கருப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள். கழிவை வேகமாகத் தின்று தீர்ப்பவை, நோய் பரப்புவதில்லை. மூன்றாவது மாடிப் பாட்டி அவற்றைப் பார்த்துத் தொட்டியையே மூடச் சொன்னார். விளக்கிச் சொன்ன பிறகு தினமும் சருகு போடும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். இரண்டு மாத வாக்கில் மண் வாசனையோடு முதல் உரம் கிடைத்தது.

இன்னொரு பலனும் உண்டு. அதுவரை மரத்தடியில் கூட்டிக் கொளுத்தப்பட்ட சருகு இப்போது தேவைப்படும் பொருளாகிவிட்டது. சருகோடு பிளாஸ்டிக்கும் சேர்ந்து எரிவது நின்றது. அதிலும் பி.வி.சி. வகைப் பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு வரும். எங்கள் கட்டடத்துக் குழந்தைகள் அதைச் சுவாசித்துக்கொண்டுதான் பள்ளி வேனுக்குக் காத்திருந்தார்கள். அதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

மட்காத குப்பை அவ்வளவு கஷ்டப்படுத்தவில்லை. கழுவிக் காயவைத்துக் கொடுங்கள் என்பதே விதியின் சாரம். பால் பாக்கெட்டின் மூலையை முழுதாக வெட்டி எடுக்காமல் கீறி விடுங்கள். அந்தத் துணுக்கு எந்தச் சல்லடையிலும் நிற்காமல் சாக்கடைக்குத்தான் போகும். பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் பிளாஸ்டிக் வகையைக் குறிக்கும் எண் 1, 2 அல்லது 5 ஆக இருந்தால் பெரும்பாலும் வாங்க ஆள் உண்டு. நொறுக்குத்தீனி வரும் பளபளப்பான உறைகள் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய அடுக்குகள், பிரிக்க முடியாது. காகிதக் கோப்பையின் உள்ளேயும் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, அதைக் காகிதத்தோடு சேர்க்காதீர்கள். அலுமினிய டப்பாவை மட்டும் தயவுசெய்து வீணாக்க வேண்டாம். அதை உருக்கி மறுபடி பயன்படுத்தினால், தாதுவிலிருந்து புதிதாகத் தயாரிக்கத் தேவைப்படும் மின்சாரத்திலும் எரிபொருளிலும் 95 சதவீதம் வரை மிச்சமாகிறது.

கண்ணாடி உடைந்தால் கெட்டியான அட்டைப் பெட்டியில் போட்டு, ஒட்டி, வெளியே பெரிய எழுத்தில் எழுத வேண்டும். பிளேடு, ஊசி என்றால் மூடியுள்ள தகர டப்பா. நாப்கினைத் தாளில் சுற்றி, மேலே அடையாளக் குறி போட வேண்டும். இந்த மூன்றையும் நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன், சுற்றறிக்கையோடு விடவில்லை. எதைத் திறக்கப் போகிறோம் என்று தெரியாமல் பையைத் திறப்பவருக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை அது. பழைய போன் பேட்டரியைக் குப்பையில் போட்டால் வண்டிக்குள் நசுங்கித் தீப்பிடிக்கலாம். முனையில் டேப் ஒட்டி, கீழ்த்தளத்தில் வைத்திருக்கும் பெட்டியில் போடச் சொல்லியிருக்கிறோம். பெட்டி நிறைந்ததும் மின்கழிவு வாங்கும் மையத்துக்குப் போகும்.

இனி தெருமுனை. இதில்தான் அதிக நாள் போனது.

துப்புரவு ஆய்வாளரிடம் மனு கொடுத்தோம். இயந்திரம் வந்து மேட்டை அள்ளியது, பிளீச்சிங் பவுடர் தூவினார்கள், 'இங்கே குப்பை கொட்டாதீர்' என்று பலகை வைத்தார்கள். மறுநாள் காலை பலகையின் அடியிலேயே பைகள் கிடந்தன. கேமரா வைக்கலாம், கொட்டுபவர்களின் படத்தைப் போட்டு அவமானப்படுத்தலாம் என்றெல்லாம் யோசனைகள் வந்தன. எனக்கு அதில் உடன்பாடில்லை. அதற்குப் பதிலாக நாங்கள் சிலர் முறை வைத்து விடியலிலும் இரவிலும் அங்கே நின்று, கொட்ட வருபவர்களிடம் சும்மா பேசினோம். "ஏன் இங்கே போடுகிறீர்கள்?" என்று கேட்கவில்லை. "வண்டி எத்தனை மணிக்கு வந்தால் உங்களுக்குத் தோதுப்படும்?" என்று கேட்டோம்.

பதில்கள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. வண்டி காலை ஒன்பதுக்கு வருகிறது. கணவன் மனைவி இருவரும் ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இரவுப் பணி முடித்து வருகிறவர் அப்போது தூக்கத்தில் இருக்கிறார். ஒற்றை அறையில் நான்கைந்து பேராகத் தங்கியிருப்பவர்களுக்கு அழுகும் குப்பையை மூலையில் வைக்கக்கூட இடமில்லை. இரவு பத்து மணிக்குக் கடை அடைப்பவருக்கு வண்டியே கிடையாது. தெருவில் குப்பை கிடப்பதை இவர்களில் ஒருவருமே விரும்பவில்லை. ஈரக் குப்பையை மறுநாள் வரை வைத்திருக்க முடியாது, கொடுக்கவும் வழியில்லை. அந்த இடைவெளியில்தான் மேடு வளர்ந்திருக்கிறது. தைவான் தலைநகர் தைபேயில் குப்பை வண்டி மாலையிலும் இரவிலும் குறித்த நேரத்துக்கு இசை ஒலித்தபடி வரும், மக்கள் தாங்களே பையைக் கொண்டுவந்து வண்டியில் போடுவார்கள், தெருவில் குப்பை தரையைத் தொடக் கூடாது என்பது அங்கே கொள்கை. அந்த ஊர் மக்களின் ஒழுக்கத்தைப் புகழ்ந்து பேசக் கேட்டிருக்கிறேன். வண்டி வரும் நேரத்தையும் சேர்த்துப் புகழ வேண்டும்.

மாலை நேர வண்டி கேட்டு, தெருவில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினோம். அலுவலகத்தில் மேசைக்கு மேசை அனுப்பினார்கள். ஆள் இல்லை, வண்டி இல்லை, இது எங்கள் பிரிவு இல்லை. ஒவ்வொரு முறையும் பேசியதை அன்றே எழுத்தில் அனுப்பி, ரசீது எண்ணைக் குறித்து வைத்தேன். போகிறவர்களுக்கு என் ஆலோசனை இதுதான்: புகாராகப் போகாதீர்கள், எத்தனை வீடு, எத்தனை கடை, எந்த நேரம், வண்டி எங்கே திரும்பலாம் என்ற விவரத்தோடு போங்கள். முடிவெடுப்பவருக்கு வேலை குறைகிறது.

அனுமதி வரும் வரை எங்கள் வாசலுக்குள் மூடியுள்ள தொட்டிகளை வைத்து, பிரித்துக் கொண்டுவரும் யாரும் போடலாம் என்று சொன்னோம். "ஊர்க் குப்பையை நாம் ஏன் சுமக்க வேண்டும்?" என்று சங்கத்தில் கடும் எதிர்ப்பு. இப்போதும் அது நம் வாசலில் இருந்து நாற்பதடியில்தானே கிடக்கிறது, மூடி இல்லாமல் கிடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்றேன். ஒரு மாதம் பார்ப்போம் என்று ஒப்புக்கொண்டார்கள். உரத் தொட்டிகளில் இடம் இருந்ததால் சமாளிக்க முடிந்தது. பிறகு மாலை வண்டி வந்துவிட்டது.

அதற்கப்புறமும் சில வாரம் தெருமுனையைக் கவனிக்க வேண்டியிருந்தது. ஒரு பை விழுந்து கிடந்தால் மாலைக்குள் அங்கே பத்துப் பை இருக்கும். முதல் பையை ஒரு மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் இரண்டாவது வருவதில்லை. விளக்கு இல்லாத கம்பத்துக்கு விளக்கு போட வைத்தோம். செடித் தொட்டிகளை வைத்து எங்கள் உரத்தையே போட்டோம்.

தெரு கூட்டுபவர்கள் மண்ணையும் சருகையும் மழைநீர் வடிகால் ஓட்டைக்குள் தள்ளுவதைப் பற்றியும் பேசினோம். கூட்டியதை அள்ள அவர்களிடம் சாக்குப் பையே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சாக்குகளைச் சங்கம் கொடுத்தது, தள்ளுவது நின்றது. சமையல் எண்ணெயைக் கழுவு தொட்டியில் ஊற்றுவதும் குழாயை அடைக்கும் வேலைதான். லண்டனில் 2017-இல் சாக்கடைக் குழாய்க்குள் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு கொழுப்புக் கட்டி 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் இருந்தது. எண்ணெயும் ஈரத் துடைப்பான்களும் சேர்ந்து இறுகியது.

தீராதவையும் இருக்கின்றன. பழைய மெத்தையையும் தெர்மாக்கோலையும் வாங்க ஆள் கிடைப்பதில்லை. மழைக்காலத்தில் மட்காத குப்பை நனைந்து வீணாகிறது, அதை வைக்கும் இடத்துக்குக் கூரை வேண்டும். வாடகைக்கு வருபவர்கள் மாறிக்கொண்டே இருப்பதால், சாவி கொடுக்கும்போதே வாளியையும் ஒரு பக்க விளக்கத் தாளையும் வீட்டு உரிமையாளர் கொடுக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம். கூரைக்கான பணமும், கண்ணாடி கிழிக்காத தரமான கையுறைகள் வாங்குவதும் அடுத்த கூட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. கையுறையை முதலில் எழுதியிருக்கிறேன்.