கேரவனுக்குள் சாக்கடை வாடை: வழியைக் கண்டுபிடித்து அடைத்தல்

கேரவனுக்குள் சாக்கடை வாடை வந்தால் பெரும்பாலானோர் உடனே கழிவறையில் வாசனை மருந்தை ஊற்றுகிறார்கள். அதனால் வாடை சில மணி நேரம் மறையும், காரணம் அப்படியே இருக்கும். கழிவைச் சுமந்து செல்லும் வண்டியில் ஹைட்ரஜன் சல்பைடும் அம்மோனியாவும் உண்டாவது இயல்பே. அவை கூரைக்கு மேலே போகும் காற்றுக்குழாய் வழியாக வெளியேறாமல், நாம் சமைத்து உறங்கும் இடத்துக்குள் நுழைய எங்கே வழி கிடைத்தது என்பதுதான் தேட வேண்டிய கேள்வி. எங்கள் வண்டியில் கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலை வீட்டு முற்றத்தில் வெகுநாள் நிறுத்தியிருந்து திறந்தபோதும் வாடை வந்தது, பேச்சிப்பாறை செல்லும் வளைவுச் சாலையில் ஓடியபோதும் வந்தது, ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றில் தங்கியபோதும் வந்தது. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறாக இருந்தது.

இத்தகைய வண்டிகளில் பொதுவாக இரண்டு தொட்டிகள் இருக்கும். ஒன்று கழிவறைக்கு, மற்றொன்று குளியலறைக்கும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும். இரண்டாவது தொட்டியில் வெறும் சோப்பு நீர்தானே இருக்கிறது என்று பலரும் அதைச் சந்தேகிப்பதில்லை. ஆனால் மீன் கழுவிய நீரும் குழம்பின் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் சேர்ந்து அழுகும்போது எழும் வாடை, கழிவறை வாடைக்குச் சற்றும் குறைந்ததல்ல. அந்த வாடையைத் தடுத்து நிற்பது, ஒவ்வொரு நீர்ப்போக்குக்கும் கீழே வளைந்திருக்கும் டிராப் என்னும் குழாயில் தேங்கிய கொஞ்சம் தண்ணீர் மட்டுமே. வண்டி வாரக்கணக்கில் நின்றால் அத்தண்ணீர் வற்றிவிடும், வளைவுகளில் ஓடினால் அலம்பி வெளியேறிவிடும். ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன் எல்லா நீர்ப்போக்குகளிலும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். பல நேரங்களில் சிக்கல் அங்கேயே முடிந்துவிடும். நெடுநாள் நிறுத்துவதாக இருந்தால், தண்ணீருக்கு மேல் ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் நீர் ஆவியாவது தாமதப்படும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது உறையத் தொடங்கும் என்பதால், மலையோர இரவுகளில் குழாயை அடைத்துக்கொள்ளக்கூடும்.

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது கழிவறைப் பீங்கானின் அடியிலுள்ள ரப்பர் சீல். பீங்கானில் கொஞ்சம் தண்ணீர் நிறுத்தி வைத்து, காலையில் அது குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். நீர் கீழே இறங்கியிருந்தால் வாயு மேலே ஏறவும் அங்கே வழி இருக்கிறது என்று பொருள். ரப்பரை மாற்றுவதற்கு முன் அதன் விளிம்பில் படிந்த உப்பை வினிகர் தோய்த்த துணியால் துடைத்துவிட்டு, சிலிகோன் கிரீஸை மெல்லத் தடவினால் பெரும்பாலும் அது மீண்டும் சரியாக உட்காரும். வாசலினோ வேறு பெட்ரோலியப் பொருளோ தடவக்கூடாது. மண்ணெண்ணெய் பட்ட ரப்பர் ஊதிப்போவதை ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த நம் மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இவை இரண்டும் சரியாக இருந்தும் வாடை நின்றபாடில்லை என்றால், குழாய்ப் பாதை முழுவதையும் சோதிக்க வேண்டும். இதற்குப் பிளம்பர்கள் புதினா எண்ணெயைப் பயன்படுத்தும் ஒரு பழைய முறை உண்டு. நாங்கள் அதற்குப் பதிலாக நம் மலைகளில் விளையும் கிராம்பின் எண்ணெயை எடுத்துக்கொண்டோம். கதவு, ஜன்னல், மின்விசிறி அனைத்தையும் மூடிவிட்டு, கூரையின் காற்றுக்குழாயில் ஒரு தேக்கரண்டி எண்ணெயையும் அதைத் தொடர்ந்து ஒரு குடம் வெந்நீரையும் ஊற்ற வேண்டும். கிராம்பு எண்ணெய் சில பிளாஸ்டிக்குகளைக் கெடுக்கும் என்பதால் அளவு கூடக்கூடாது. ஊற்றியவரின் கையிலேயே மணம் ஒட்டியிருக்கும் என்பதால் அவர் வண்டிக்குள் வரவும் கூடாது. நான் கூரையில் நின்றேன், தம்பி உள்ளே மோப்பம் பிடித்தான். சற்று நேரத்தில், "அக்கா, கக்கூஸ்ல இல்ல, பாத்திரம் கழுவுற தொட்டிக்கு அடியில இருந்துல்லா வருது" என்று குரல் கொடுத்தான். அலமாரியின் பின்பலகையைக் கழற்றியபோது காரணம் தெரிந்தது. டிராப்புக்கு மேலே நிற்க வேண்டிய ஒருவழிக் காற்று வால்வைப் பொருத்தாமல், வண்டி கட்டியவர்கள் அந்தக் குழாயைத் திறந்தபடியே விட்டிருந்தார்கள். தண்ணீர் இறங்கும்போது மட்டும் திறந்து காற்றை உள்ளே எடுத்து, மற்ற நேரத்தில் மூடிக்கொள்ளும் எளிய கருவி அது. விலை அதிகமில்லை, கையால் திருகியே பொருத்திவிடலாம். ஏற்கெனவே வால்வு இருக்கும் வண்டிகளில்கூட அதன் ரப்பர் இதழில் தூசு படிந்து மூடாமல் போவது உண்டு.

தொட்டி பாதிக்கு மேல் நிறைந்தபோது மட்டும் வாடை வந்து, காலி செய்தவுடன் நின்றுவிடுகிறதா? அப்படியானால் காற்றுக்குழாயின் கீழ்முனை தொட்டிக்குள் அளவுக்கு மீறி இறங்கிக் கழிவில் மூழ்குகிறது என்று ஐயப்படலாம். வெளியேற வழியற்ற வாயு, கழிவறையைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கும். அக்குழாய் தொட்டியின் மேற்பலகைக்குச் சற்றுக் கீழே முடியும்படி வெட்டப்பட வேண்டும். குழாயின் மேல்முனையில் குளவி கூடு கட்டினாலும் இதே விளைவுதான், அதனால் அங்கே ஒரு வலை கட்டுவது நல்லது.

ஆரல்வாய்மொழியில் நேர்ந்ததற்குக் குழாய்களில் எந்தப் பழுதும் காரணமல்ல. தென்மேற்குப் பருவக்காற்று அருகிலுள்ள முப்பந்தலின் காற்றாலைகளைச் சுழற்றும் மாதங்களில், காற்று வரும் பக்கத்துக்கு மறுபுறமுள்ள ஜன்னலை மட்டும் திறந்தால், அது வண்டிக்குள்ளிருக்கும் காற்றை வெளியே இழுத்துவிடும். ஈடுசெய்ய வேண்டிய காற்று, கிடைத்த எந்தத் துளை வழியாகவும் உள்ளே வரும், கழிவறையும் அவற்றில் ஒன்று. கூரை மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போது கழிவறையைத் திறந்தாலும் இதுவே நடக்கும். காற்று வரும் பக்கத்து ஜன்னலைத் திறப்பதும், கழிவறையைப் பயன்படுத்தும்போது விசிறியை நிறுத்துவதும் செலவில்லாத தீர்வுகள்.

சாக்கடை வாடை என்று நாம் நினைப்பது சாக்கடையே அல்லாமலும் இருக்கலாம், இதைப் பலர் கவனிப்பதில்லை. அளவுக்கு மீறி சார்ஜ் ஏறும் லெட் ஆசிட் பேட்டரி அழுகிய முட்டை வாடையை வெளிவிடும். உடனே சார்ஜரை நிறுத்தி ஜன்னல்களைத் திறக்க வேண்டும். வெந்நீரில் மட்டும் அதே வாடை வந்தால், ஹீட்டர் துருப்பிடிக்காமல் காக்க அதற்குள் இருக்கும் மெக்னீசியக் கம்பியையும் அங்கே பெருகிய பாக்டீரியாவையும் சந்தேகிக்கலாம். அடுப்பங்கரையில் தரையோரமாக வாடை வந்தால் சமையல் எரிவாயுக் கசிவாக இருக்கக்கூடும். அதற்கு மெர்காப்டன் மணத்தைச் சேர்ப்பதே நமக்குத் தெரியட்டும் என்பதற்காகத்தான். சிலிண்டரை மூடுங்கள், எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். இந்த ஐயம் தீரும்வரை ஊதுபத்திப் புகையால் கசிவு தேடுவதும் கூடாது.

தொட்டியைப் பராமரிப்பதில் நான் உறுதியாக நிற்பது ஒன்றில்தான். கழிவறைத் தொட்டியிலிருந்து கழிவை வெளியேற்றும் வால்வைத் திறந்தே வைத்தால் நீர் மட்டும் வடிந்து, திடக்கழிவு காய்ந்து இறுகிவிடும். பிறகு அதை அகற்ற யாரையாவது கையை விடச் சொல்லும் நிலை வரும். 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த கொடுமை அது. ஹைட்ரஜன் சல்பைடு அடர்த்தியாகும்போது மூக்கு அதை உணரும் ஆற்றலையே இழந்துவிடும் என்பதால், வாடை இல்லை என்று நம்பிக் குனிபவரின் உயிருக்கே ஆபத்து. ஆகவே வால்வை மூடியே வைத்து, தொட்டி நன்றாக நிறைந்த பிறகு கழிவுநீர் லாரியின் குழாயால் உறிஞ்சச் செய்யுங்கள். தொட்டியில் ஊற்றும் மருந்தில், ஃபார்மால்டிஹைடு கலந்தது செப்டிக் டேங்கின் நல்ல பாக்டீரியாவையும் கொல்லும் என்பதால், நொதி வகை மருந்தே போதும். காலி செய்தவுடன் தொட்டியின் அடிப்பகுதி மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.