மேமோகிராம் நார்மல் என்றால் போதுமா?

"மேமோகிராம் நார்மல்தானே, அப்புறம் எதற்கு எம்ஆர்ஐ?" என்று தோழி கேட்டாள். அவளுக்கு, மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பிஆர்சிஏ1 மரபணு மாற்றம் இருக்கிறது. நியாயமான கேள்விதான். மேமோகிராம் என்பது மார்பகத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது.

இளவயதில் மார்பகத் திசு பெரும்பாலும் அடர்த்தியாக இருக்கும். மேமோகிராமில் அது வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளைதான். வெள்ளைச் சுவரில் சுண்ணாம்புப் பொட்டைத் தேடுவது போல. எம்ஆர்ஐ தேடும் வழியே வேறு. கை நரம்பில் காடோலினியம் மருந்தை ஏற்றுவார்கள். புற்றுக்கட்டி தனக்கென்று அவசர அவசரமாக வளர்த்துக்கொண்ட ரத்தக்குழாய்கள் கசியும் தன்மை உடையவை. மருந்து அங்கே சீக்கிரம் சேர்வதால் அந்த இடம் பளிச்சென்று தெரியும். கதிர்வீச்சும் கிடையாது. என்ன, குப்புறப் படுத்து, அந்த டமடம சத்தத்தில் அசையாமல் கிடக்க வேண்டும்!

ஒன்றுமில்லாத இடமும் சில சமயம் பளிச்சிடும். பயாப்சி (துளி திசுவை எடுத்துச் சோதிப்பது) வரை போய், ரிசல்ட் வரும்வரை தூக்கம் தொலைத்தவர்கள் உண்டு. அதனால்தான் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு மட்டும் இதைச் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது.

நுரையீரலிலும் இதே கணக்குதான்: ஆபத்து அதிகமுள்ளவர்களிடம், அறிகுறி வரும் முன்பே தேடுவது. 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நெடுங்காலம் அதிகமாகப் புகைத்தவர்களில், மார்பு எக்ஸ்ரே எடுத்தவர்களைவிடக் குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைவு. இருமலில் ரத்தம் வந்த பிறகு எடுக்கும் ஸ்கேன் இந்தக் கணக்கில் வராது.