எனக்கு மூணு ஊசி, தங்கச்சிக்கு ரெண்டு

கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான ஹெச்.பி.வி. வைரஸுக்குத் தடுப்பூசி போட்டுக்கப் போறேன்னு சொன்னதும் அம்மா கேட்டது: "கல்யாணம் ஆவாத பொண்ணுக்கு இன்னாத்துக்குடி இது?"

எனக்கு வயசு 24. சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் வீடு, எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் கணக்கு வேலை. கூட வேலை பார்த்த அக்கா ஒருத்தருக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்று வந்து, கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்து, பாதி ஆளாகத் திரும்பி வந்தார். அதற்கப்புறம்தான் விசாரிக்க ஆரம்பித்தேன்.

முதலில் போனது ஒரு தனியார் ஆஸ்பத்திரி. வரவேற்பில் இருந்தவர் பத்து பேர் காதில் விழுகிற மாதிரி "மேரேஜ் ஆயிடுச்சா?" என்றார். ஊசிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை, வயசைத்தான் கேட்கணும். அங்கே சொன்னது ஒன்பது வகை வைரஸைத் தடுக்கும் இறக்குமதி ஊசி, ஒரு டோஸ் பத்தாயிரத்துக்கு மேல். கும்பிடு போட்டு வந்துவிட்டேன்.

தண்டையார்பேட்டையில் ஒரு டாக்டரம்மா செர்வாவேக் என்ற ஊசியைப் பற்றிச் சொன்னார். புனே சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிப்பு, 2023-ல் வந்தது, டோஸ் ரெண்டாயிரம் பக்கம். இந்த வைரஸில் 6, 11, 16, 18 என்று எண் போட்ட நாலு வகைக்குத் தடுப்பு. கர்ப்பப்பை வாய்ப் புற்றில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்கு 16-ம் 18-ம்தான் காரணமாம். சீட்டுப் பணம் கையில் இருந்தது. 13 வயசுத் தங்கச்சிக்கும் சேர்த்தே போட்டுவிட நினைத்து, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். 14 வயசுப் பெண்களுக்கு அரசே இலவசமாகப் போடும் என்று 2025 தமிழ்நாடு பட்ஜெட்டில் அறிவிப்பு வந்திருந்தது உண்மைதான். ஆனால் அம்மா மனசு அதுவரை மாறாமல் இருக்கணுமே!

அம்மாவின் பயம், கிருமியையே உடம்பில் ஏற்றுகிறார்களோ என்பது. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இயன் ஃபிரேசர் என்று ஒரு டாக்டர், நோயெதிர்ப்பு ஆராய்ச்சியாளரும்கூட. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில், சீனாவிலிருந்து வந்த ஜியான் ஜோவோடு சேர்ந்து, 1991-ல் இந்த வைரஸின் மேலுறைப் புரதத்தை மட்டும் தனியாக உண்டாக்கினார். அந்தப் புரதத் துண்டுகள் தாமாகவே ஒட்டிக்கொண்டு வைரஸ் உருவத்துக்கு வந்தன. உள்ளே மரபுப் பொருள் கிடையாது. "பாம்பு உரிச்சுப் போட்ட சட்டைம்மா. உருவம் இருக்கும், விஷம் இருக்காது." அம்மா தலையாட்டினார். இந்த வழியில் செய்த முதல் ஊசி புழக்கத்துக்கு வந்தது 2006-ல். ஜோ 1999-லேயே இறந்துவிட்டார் என்று அப்புறம் படித்தபோது எனக்கு என்னவோ போலிருந்தது.

எனக்கு இருந்த சந்தேகம் வேறு. வைரஸ் வந்து போனாலே எதிர்ப்பு சக்தி வந்துவிடாதா? அது மேல்தோல் செல்களுக்குள்ளேயே பதுங்கிக்கொள்ளும், ரத்தத்துக்குள் வராது, அதனால் உடம்புக்கு அரைகுறையாகத்தான் தெரியவரும் என்றார். தசையில் போடும் ஊசி உடம்பை நேராக உசுப்பிவிடும். இயற்கையாக வருவதைவிடப் பல மடங்கு ஆன்டிபாடி உண்டாகும். ஆனால் ஏற்கெனவே தொற்றிக்கொண்ட வைரஸை இந்த ஊசி விரட்டாது. சின்ன வயசிலேயே போடச் சொல்வது அதனால்தான். 15 வயசுக்குள் உடம்பு நன்றாக எதிர்வினை காட்டும் என்பதால் தங்கச்சிக்கு ஆறு மாத இடைவெளியில் ரெண்டே டோஸ். எனக்கு மூணு: முதல் நாள், ரெண்டாம் மாசம், ஆறாம் மாசம்.

ஊசியை ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம் ஒரு மெடிக்கலில் சொல்லிவைத்து வாங்கினோம். தெர்மகோல் டப்பா, ஐஸ் ஜெல், நடுவில் மடித்த தினத்தந்தி. பேப்பர் எதுக்கு என்றால், மருந்து ஐஸில் நேராகப் பட்டு உறைந்தாலும் கெட்டுவிடுமாம். ரெண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்கணும். "நேரா கிளினிக் போங்க, நடுவுல எறங்கி மீன் வாங்காதீங்க" என்றார் கடைக்காரர். அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

போட்டதும் பதினைந்து நிமிஷம் உட்காரவைத்தார்கள். இந்த வயசுப் பிள்ளைகளுக்கு மயக்கம் வருவது உண்டு. தங்கச்சி சமோசா கேட்டாள். எனக்குத்தான் கை ரெண்டு நாள் கனத்துக் கிடந்தது. ரெண்டாவது டோஸ் ஆடித் தள்ளுபடி நெருக்கடியில் தள்ளிப்போனது. முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்றார்கள். ஊசி போட்டாலும் 30 வயசுக்கு மேல் ஸ்கிரீனிங் (புற்று அறிகுறி இருக்கிறதா என்ற சோதனை) பார்த்தே ஆகணும்.

அம்மாவுக்கு இந்த ஊசி வயசு தாண்டிவிட்டது. அவருக்கு அரசு ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பை வாயில் வினிகர் அமிலம் தொட்டுப் பார்க்கும் ஸ்கிரீனிங் சோதனை. சில நிமிஷத்தில் முடிந்தது, எல்லாம் சரி. வெளியே வந்ததும், "பையனுக்குக் கெடையாதா இது?" என்றார். உண்டு, ஆண்களுக்கும் இந்த வைரஸால் தொண்டையிலும் ஆசனவாயிலும் புற்று வரலாம். தம்பிக்கு 17, அவனுக்கும் மூணு டோஸ். அடுத்த சீட்டை அவன் பேரில் தள்ளி எடுக்கப் போகிறாராம்.