மஞ்சப்பையும் தீக்குச்சியும்

நேற்று ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். தலைப்பே சுற்றுச்சூழல்தான். சாப்பாடு வாழை இலையில், தண்ணீர் எவர்சில்வர் டம்ளரில். பாராட்டத்தான் வேண்டும். என் முறை வருவதற்குள் பாயசம் தீர்ந்துவிட்டது. மிஞ்சிக் குப்பைக்குப் போவதற்கு அது மேல் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கிளம்பும்போது ஆளுக்கொரு மஞ்சப்பை கொடுத்தார்கள். தொட்டதுமே சந்தேகம். நெய்த துணிக்குரிய ஊடும் பாவும் இல்லை. புள்ளி புள்ளியாக அழுத்திய பாலிப்ரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். வீட்டுக்கு வந்து ஓரத்தில் தீக்குச்சியை வைத்தேன். பருத்தியாக இருந்தால் சாம்பலாகியிருக்கும். இது உருகிச் சொட்டியது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பட்டியலில் இந்த நெய்யாத பையும் இருக்கிறது. தேநீர் கொடுத்த பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும்தான்!

பைக்குள் ஒரு விதைப்பந்து. அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டியிருந்தார்கள்.