அம்மா எப்படி இருப்பாங்க?

சித்திரைத் திருவிழாவில், அழகர் ஆற்றில் இறங்கிய அன்று காலையில், ஏ.வி. பாலத்துப் பக்கம் அம்மாவைத் தொலைத்துவிட்டேன். கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தோம். கூட்டம் ஒரு தள்ளுத் தள்ளியது, கை விட்டுப்போனது. காணாமல் போனவர்களுக்கு மைக்கில் அறிவிப்புச் செய்யும் இடத்துக்கு ஓடினேன். போலீஸ்காரர் நோட்டை எடுத்தார். "அம்மா எப்படிம்மா இருப்பாங்க?"

கண்ணை மூடினேன். ஒன்றும் வரவில்லை. எனக்கு எப்போதுமே அப்படித்தான். யாரை நினைத்தாலும் உள்ளே வெறும் இருட்டு.

ஆனால் வாய் பாட்டுக்குச் சொன்னது: "அறுபத்தெட்டு வயசு. அரக்குக் கலர் சுங்குடிச் சேலை. இடது புருவத்துக்கு மேல அம்மைத் தழும்பு." எல்லாமே எனக்குள் வார்த்தையாக இருந்தவை. "பட்டு வேணாம்மா, வெயிலுக்கு அந்த அரக்குச் சுங்குடியைக் கட்டு" என்று காலையில் சொன்னதே நான்தான். தழும்பின் கதை பாட்டி சொன்னது. "முகம் நீளமா, வட்டமா?" என்று அடுத்துக் கேட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை. அதை யாரும் என்னிடம் சொன்னதே இல்லையே.

முக்கால் மணி நேரம் கழித்து நீர்மோர்ப் பந்தலில் ஒரு முதுகைப் பார்த்தேன். சின்னக் கொண்டை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகும் கை. "அம்மா!" என்று கத்திவிட்டேன். சுங்குடி கட்டியவர்கள் அங்கே எத்தனையோ பேர். எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை.

யாரை நினைத்தாலும் மனதில் உருவம் வராத இதற்கு அஃபான்டேசியா என்று பெயர். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் நரம்பியல் மருத்துவர் ஆடம் ஜீமனும் உடனிருந்தவர்களும் 2015-இல் வைத்த பெயர். 1880-லேயே பிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கிலேய அறிஞர், 'காலையில் சாப்பிட்ட மேசையை மனதில் கொண்டுவாருங்கள், எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது?' என்று பலரிடம் கேட்டிருக்கிறார். எதுவுமே தெரியவில்லை என்றவர்கள் அப்போதும் இருந்தார்கள். அதைப் படித்த ராத்திரி அழுதேன். அப்பா இறந்தபின் அவர் முகம் ஒருநாளும் மனதில் வராததை, பாசம் போதவில்லை என்றே நினைத்திருந்தேன்.

என் கணவருக்கு எல்லாம் படமாகத் தெரியும். "புதுப் பத்து ரூபாய் நோட்டுக்குப் பின்பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டேன். மளிகைக் கடையில் தினமும் நூறு நோட்டு எண்ணுகிற மனிதர். காபிப்பொடி நிறம் தெரிகிறது, ஏதோ கோயில் தெரிகிறது என்றார். நோட்டைத் திருப்பிக் காட்டியதும், "அட, கோனார்க் சக்கரம்!" அமெரிக்காவில் 1979-இல் நிக்கர்சன், ஆடம்ஸ் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சென்ட் நாணயத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னபோதும் பெரும்பாலானவர்கள் இப்படித்தான் தடுமாறினார்கள். படம் தெரிகிறவருக்கும் விவரம் தெரிவதில்லை. பார்த்ததும் அடையாளம் காண்பது இரண்டிலும் சேராத தனி வேலை.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மாவை விளக்கடியில் உட்காரவைத்துப் பார்த்தேன்.

"என்னடி, அப்படிப் பாக்குற?"

வட்ட முகம். சிரித்தால் வலது கன்னத்தில் மட்டும் குழி விழுகிறது. நோட்டில் எழுதிக்கொண்டேன்.